ஜோர்ஜின் விதவை

“எமிலி ஜோர்ஜ், வயது ஐம்பத்தெட்டு. கணவனை இழந்தவர். வேலணைத் தீவிலுள்ள சிறிய மெதடிஸ்த சபையொன்றின் உறுப்பினர். மென்மையான பேச்சும் அடக்கமான சுபாவமும் கொண்ட இந்தச் சகோதரி, தன்னிடமிருந்த ஒரேயொரு ஆட்டையும் ஆண்டவருக்குக் காணிக்கையாக்க முன்வந்துள்ளார். துயரம் தோய்ந்த அவருடைய கண்கள் மௌனமாக நம்மிடம் கேட்கின்றன: நீங்கள் எதைக் கொடுப்பீர்கள்?”

பளபளப்பான தாளில் அச்சாகி வந்த இந்தக் குறிப்பை ஜோர்ஜ் குசினி வாசலில் கதிரையைப் போட்டு உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டி, தேவாலயத்தில் வேதபாடம் வாசிப்பவர் போல உரத்து வாசித்தார். முடித்ததும் தாளை மடியில் வைத்துக்கொண்டு மனைவியைப் பார்த்தார்.

“இஞ்சேரும், நான் எப்ப செத்தனான்?”

“தேத்தண்ணி ஆறுது. குடிச்சுப்போட்டுச் சாகுங்கோ,” என்றாள் எமிலி.

குறிப்பில் பெயரும் வயதும் தீவும் சரி. ஆடு அவளுடையதல்ல. அவள் வளர்த்தது ஒரு நாய். அதுவும் அவளுக்குப் பயந்து பக்கத்து வளவில்தான் படுக்கும். மென்மையான பேச்சைப் பற்றிச் சொல்வதானால், சண்டைக் காலத்தில் கூட்டுறவுச் சங்கக்கடையில் மண்ணெண்ணெய் பங்கிட்டவள் எமிலி. வரிசையில் இடையில் புகுந்த ஒருவரை அவள் அதட்டியது கேட்டு, றோட்டில் போய்க்கொண்டிருந்த, இதில் சம்பந்தமேயில்லாத ஒரு சைக்கிள்காரர் இறங்கி நின்று மன்னிப்புக் கேட்டார் என்று ஊரில் இன்னும் சொல்வார்கள். அந்தக் குரலுக்காகத்தான் அறுப்பின் பண்டிகையில் ஏலம் கூறும் வேலை அவளிடம் வந்தது. பெண்பிள்ளை ஏலம் கூறுவதா என்று முணுமுணுத்தவர்கள் இருந்தார்கள். ஆனால் அவர்களுடைய முணுமுணுப்பு பத்தடிக்கு மேல் கேட்கவில்லை. எமிலியின் குரல் கடல் வரைக்கும் கேட்டது.

அந்தத் தாளை அச்சடித்தவர்களை ஊருக்குள் கூப்பிட்டதும் எமிலிதான். இதை அவள் பிறகு யாருக்கும் ஞாபகப்படுத்த விரும்பவில்லை.

தேவாலயத்தின் கூரை ஒழுகியது. வேறு எங்கே ஒழுகியிருந்தாலும் சபை பொறுத்துக்கொண்டிருந்திருக்கும். ஆனால் அது சரியாக எமிலி உட்காரும் வாங்குக்கு மேலே ஒழுகியது. சபைக் கூட்டத்தில் எழுந்து, “மாரிக்கு நான் குடை பிடிச்சுக்கொண்டு ஞானப்பாட்டுப் பாடேலாது. உதுக்கெண்டு படிச்ச ஆக்கள் கொழும்பிலை இருக்கினமாம், சேர்ச்சுகளுக்குக் காசு சேர்க்கச் சொல்லிக் குடுக்கினமாம். கூப்பிடுங்கோவன்!” என்று கத்தினாள். போதகர் புதிதாக மாற்றலாகி வந்தவர். கூப்பிட்டார்.

கிளின்ரன் வந்தான். முப்பத்தைந்து வயதிருக்கும், தாய் தகப்பன் யாழ்ப்பாணம், வளர்ந்தது கொழும்பு வெள்ளவத்தை. சபைகளுக்கு உக்கிராணத்துவம் கற்பிக்கும் ஆலோசகன். அதாவது, கடவுள் தந்ததை எப்படி ஒழுங்காகப் பராமரித்து, அதிலொரு பங்கை எப்படிச் சந்தோஷமாகத் திருப்பிக் கொடுப்பது என்று சொல்லிக் கொடுப்பவன். கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவன் கைவைத்த சபைகளில் கூரைகள் உண்மையாகவே ஏறியிருந்தன. வந்த அன்றே எல்லோருக்கும் நிறநிறமான காகிதத் துண்டுகளைக் கொடுத்து, ஆண்டவர் உங்களுக்குத் தந்த ஈவு எது என்று எழுதச் சொன்னான். எமிலி “பொறுமை” என்று எழுதினாள். ஜோர்ஜுக்கு இருமல் வந்து வெளியே போக வேண்டியதாயிற்று.

பிறகு அவன் ஏலத்தைப் பற்றிக் கேட்டான். அறுப்பின் பண்டிகை அன்று ஆராதனை முடிய, சனங்கள் கொண்டுவந்து வைத்த பூசணிக்காய், முருங்கைக்காய், வாழைக்குலை, பனை ஒடியல், கோழி எல்லாம் வளவு வேம்பின் கீழ் ஏலம் போகும். அந்தக் காசு சபைக்கு.

“போன வருசம் ஒரு வாழைக்குலை பத்தாயிரத்துக்குப் போச்சுதாம். ஒரு மூட்டை நெல்லு ஆயிரத்துக்குப் போச்சுதாம். அதெப்பிடி?” என்று கிளின்ரன் கேட்டான்.

ஒருவரும் வாய் திறக்கவில்லை.

“விலை நிர்ணயத்திலை ஒரு திட்டம் இல்லை,” என்றான் கிளின்ரன் இரக்கத்தோடு.

திட்டம் இருந்தது. அது பேசப்படாத திட்டம். அந்த வருடம் சாவோ நட்டமோ வந்து அடிபட்ட வீடு எது என்பது ஊருக்குத் தெரியும். அந்த வீட்டிலிருந்து ஒருவர் நெல்லுக்கோ கோழிக்கோ விலை கேட்டால், மற்ற எல்லோருக்கும் அந்த நேரம் பார்த்துக் காது அடைத்துவிடும். ஒருவர் இடுப்பில் கட்டிய சாரத்தை இறுக்குவார், ஒருவர் வானத்தில் மழை தேடுவார். எமிலி மற்றச் சாமான்களுக்கு ஒருதரத்துக்கும் இரண்டுதரத்துக்கும் நடுவில் நாலு பகிடி விட்டு விலையை ஏற்றுபவள், அப்போது மட்டும் மூன்று தரத்தையும் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுவாள். கேட்டவர் காசைக் கொடுத்து, வாங்கினதைத் தோளில் போட்டுக்கொண்டு, எல்லோரையும் போல நடந்து போவார். அது தர்மமில்லை, அவர் வாங்கினது. இதை யாரும் யாருக்கும் விளக்குவதில்லை. விளக்கிய அடுத்த நிமிடம் அது தர்மமாகிவிடும்.

எமிலிக்கே இதை யாரும் சொல்லித் தரவில்லை. சண்டையில் இடம்பெயர்ந்து போய்த் திரும்பிய வருடம், கதவும் இல்லாத வீட்டில் ஜோர்ஜும் அவளும் இருந்தபோது, ஏலத்தில் அவள் ஒரு சோடிக் கோழிக்கு அற்ப விலை கேட்டாள். சனம் அப்படியே அடங்கிப் போயிற்று. தன்னை ஏளனம் செய்கிறார்கள் என்று நினைத்து, கோழிகளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கோபத்தோடு வீடு போனாள். வருடங்கள் கழித்து, வேறொருத்தி கேட்டபோது தன் வாயும் தானாக மூடிக்கொண்டதைக் கண்டுதான் விளங்கிற்று. அப்போதும் கோபம்தான் வந்தது, தன்மேல் இரக்கப்பட்டார்கள் என்று. அந்தக் கோபம் ஆறிய பிறகு, அந்த வழக்கத்தைத் தன் சொந்தக் காணி போலக் காவல் காக்கத் தொடங்கினாள்.

இந்த வருடம் அடிபட்ட வீடு றஞ்சனியுடையது. மேசன் வேலைக்குப் போன புருசன் கட்டடத்தில் ஏறி நின்ற சாரம் சரிந்து விழுந்து செத்துப்போனான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண்பிள்ளைகள். றஞ்சனி மண்கும்பானில் ஒரு விடுதியில் குசினி வேலை செய்தாள். தலை குனிய மாட்டாள், கை நீட்ட மாட்டாள், ஒருவரோடும் அதிகம் கதைக்கவும் மாட்டாள்.

கிளின்ரனுக்கு ஒரு விதவை தேவைப்பட்டாள். வெளிநாட்டில் இருக்கும் ஊராருக்கு அனுப்ப ஒரு கதை வேண்டும். வேதாகமத்தில் இரண்டு காசு போட்ட ஏழை விதவை இருக்கிறாள். வேலணையிலும் ஒருத்தி இருந்தால் பொருத்தமாக இருக்கும். யாரோ றஞ்சனியைக் காட்டிவிட்டார்கள். தேவாலயம் கூட்டிக்கொண்டிருந்தவளிடம் கமெராவோடு போனான்.

“அக்கா, உங்கடை ஹஸ்பன்ட் தவறின கதையை ஒருக்காச் சொல்லுங்கோ. அழுகை வந்தால் அடக்கத் தேவையில்லை.”

றஞ்சனி தும்புத்தடியைப் பிடித்தபடி சுவரோடு ஒதுங்கினாள். எமிலி அப்போது பீடத்துக்குக் கீழே முழங்காலில் நின்று நிலம் கழுவிக்கொண்டிருந்தாள். செருப்பில்லாமல், தலை குலைந்து, ஈரச் சேலையோடு எழுந்து ஓடிவந்து கமெராவுக்கு முன்னால் நின்றாள்.

“தம்பி, உம்மடை கொம்மாவை நிப்பாட்டி உப்பிடிக் கேப்பீரோ? எடும், என்னை எடும்! எத்தினை வேணும் எண்டாலும் எடும்!”

கிளின்ரன் எடுத்தான். கமெராவில் சத்தம் விழவில்லை. வாய் சற்றுத் திறந்து, கண்கள் கலங்கி, முடி குலைந்து நின்ற அந்த முகத்தைக் கொழும்பில் யாரோ உற்றுப் பார்த்துத் துயரம் என்று முடிவு செய்தார்கள். புருசனை அங்கேயே சாகடித்தார்கள். ஆட்டையும் கொடுத்தார்கள். அந்த ஆடு சிவகுமரனுடையது. வேலணைத் தோட்டக்காரர், சைவக்காரர். வருடாவருடம் தன் பட்டியிலிருந்து ஒரு சினையாட்டை வேதக்காரருக்குக் கொண்டுவந்து கட்டுவார். ஏனென்று கேட்டால், “பக்கத்து வீட்டுக் கடவுளும் பால் குடிக்கத்தானே வேணும்,” என்பார். அவருக்கு ஒரே நிபந்தனை, வளர்க்கிறவருக்குக் கொடுக்க வேண்டும், கறிக்குக் கொடுக்கக்கூடாது.

ஒரு மாதமாக ஜோர்ஜ் செத்த ஆளாக ஊரைச் சுற்றினார். சந்தையில் கடன் கேட்டவனிடம் தாளைக் காட்டி, “செத்தவனிட்டைக் கேக்கிறியோ?” என்றார். எமிலிக்கு அதில் பெரிய கோபம் இருக்கவில்லை. கூரைக்குக் காசு வந்தால் சரி என்று இருந்தாள்.

பண்டிகை அன்று காலை, வேம்பில் கட்டியிருந்த ஆட்டுக்கு முன்னால் றஞ்சனி குந்தியிருந்தாள். மடியைத் தொட்டுப் பார்த்தாள், வாயைத் திறந்து பல்லைப் பார்த்தாள்.

“நல்ல ஆடு, எமிலியக்கா,” என்றாள்.

“ஓம், நல்ல ஆடுதான்,” என்றாள் எமிலி. பேச்சு அதோடு முடிந்தது. ஆடு யாருக்கு என்பது தீர்மானமாகிவிட்டது.

கிளின்ரன் வேம்புக்கு முன்னால் முக்காலியொன்றில் போனைப் பொருத்தி, பக்கத்தில் ஒரு ஒலிபெருக்கிப் பெட்டியும் வைத்திருந்தான். முதன்முறையாக வெளிநாட்டிலிருப்பவர்களும் ஏலம் கேட்கலாம். எமிலி வாங்கில் ஏறி நின்றாள். ஊர்காவற்றுறையிலிருந்து அருளப்பு வந்து முன்னால் நின்றார். கத்தோலிக்கர், கடற்றொழிலாளி, வருடம் தவறாமல் ஒரு கட்டுக் கருவாட்டோடு வந்துவிடுவார்.

“அருளப்பண்ணை, நீங்கள் இஞ்சை நிக்கிறது பாப்பாண்டவருக்குத் தெரியுமோ?”

“கேட்டுப்போட்டுத்தான் வந்தனான். பூசணிக்காய்க்குப் பாவமில்லையாம்.”

பூசணிக்காய் ஏலம் தொடங்கியதும் பெட்டிக்குள்ளிருந்து ஒரு குரல் முழங்கியது. “இருபதாயிரம்!” ரொறொன்ரோவிலிருந்து ஜெகதீஸ். பெடியனாக இருந்தபோது ஊரை விட்டுப் போனவர். “பூசணிக்காயை அங்கையே வைச்சிருங்கோ, திருப்பி ஏலம் விடுங்கோ!” சனம் கைதட்டியது. எமிலியும் தட்டினாள். கூரையில் பாதி ஏறிவிட்டது போல இருந்தது அவளுக்கு. கிளின்ரனைப் பார்த்து ஒரு தரம் சிரித்தும்விட்டாள். ஜெகதீஸ் நல்ல மனிதர். வஞ்சகம் இல்லாதவர், கையிறுக்கம் இல்லாதவர். சிக்கல் அங்கேதான் இருந்தது.

ஆடு வந்தது. சிவகுமரன் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். அருளப்பு வழக்கத்துக்காக, “ரெண்டாயிரம்!” என்று தொடங்கிவைத்தார்.

“மூவாயிரம்,” என்றாள் றஞ்சனி, சைக்கிள்கள் சாத்தியிருந்த பக்கத்திலிருந்து.

அருளப்பு உடனே குனிந்து சாரத்தை இறுக்கினார். இரண்டு பேர் வேம்பின் கொப்பை அண்ணாந்து பார்த்தார்கள். வளவு அடங்கிற்று.

“மூவாயிரம் ஒருதரம் ரெண்டுதரம்…”

“ஐம்பதாயிரம்!” என்றது பெட்டி. “எமிலியக்கான்ரை ஆடு எனக்குத்தான்! ஒருத்தரும் கேக்கப்படாது!”

கிளின்ரன் துள்ளிக் கைதட்டினான். தட்டியது அவன் மட்டும்தான். போனைக் கழற்றிக் காதில் வைத்து ஏதோ கேட்டு, திரும்ப முக்காலியில் பொருத்திவிட்டு, முகம் மலர்ந்து சனத்தைப் பார்த்தான்.

“ஜெகதீஸ் அண்ணா ஆட்டை இஞ்சை உள்ள ஒரு கஷ்டப்பட்ட குடும்பத்துக்கே அன்பளிப்பாக் குடுக்கச் சொல்லுறார்! ஆர் ஆக்கள்? கையைத் தூக்குங்கோ. வெக்கப்பட ஒண்டுமில்லை. ஆட்டோடை நிண்டு ஒரு படம் எடுத்து அனுப்புவம்.”

ஒரு கையும் எழவில்லை. றஞ்சனி கையில் சுருட்டி வைத்திருந்த காசுத் தாள்களைத் திரும்பக் கைப்பைக்குள் வைத்தாள். திரும்பிச் சைக்கிளின் பக்கம் நடந்தாள். எமிலி வாங்கின் மேல் நின்று அதைப் பார்த்தாள்.

கூரைக்கு அந்தக் காசு வேண்டும். அதைக் கேட்டுக் கத்தியது அவளே. றஞ்சனிக்கு ஆடு வேண்டும். ஆனால் இப்படி வேண்டாம். ஜெகதீசிடம், அது றஞ்சனி கேட்டது, விட்டுவிடும் என்றால் விட்டுவிடுவார். ஆனால் ஏன் என்று கேட்பார். பெட்டிக்குள்ளிருந்து, முழு வளவுக்கும் கேட்கக் கேட்பார். அதற்கு மறுமொழி சொன்னால் றஞ்சனி பிச்சைக்காரி. அடுத்த வருடம் அடிபடுகிற வீட்டிலிருந்து ஒருவரும் வாய் திறந்து விலை கேட்க மாட்டார்கள். சொல்ல ஏலாது. எமிலிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கிளின்ரன்மேல், ஜெகதீஸ்மேல், போதகர்மேல், எல்லாரையும்விடக் கூட்டத்தில் எழுந்து நின்று கத்திய தன்மேல். இவ்வளவு கோபம் கையிலிருந்தது. சொல்வதற்குத்தான் ஒரு காரணம் இல்லை. அப்போது வாழைக்குலையொன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்ற ஜோர்ஜ் கண்ணில் பட்டார்.

வாங்கிலிருந்து குதித்தாள். முக்காலியிலிருந்து போனைப் பிடுங்கினாள்.

“ஜெகதீஸ்! நான் எமிலி!”

“எமிலியக்கா! அத்தான் மோசம் போனது அந்தத் தாளைப் பாத்துத்தான் தெரியும் அக்கா, நான் சரியாக் கவலைப்பட்டு…”

“ஆர் மோசம் போனது? இஞ்சை பார்!” போனை ஜோர்ஜின் பக்கம் திருப்பினாள். “கையைக் காட்டுங்கோ!”

ஜோர்ஜ் குலையை ஒரு கையில் மாற்றிக்கொண்டு மற்றக் கையைக் காட்டினார்.

“அத்தானோ அது? அப்ப ஆர்…”

“அதைத்தான் நானும் கேக்கிறன்! என்ரை மனுசன் குத்துக்கல்லு மாதிரி நிக்கிறார். நிக்கிற மனுசனை அச்சடிச்சுச் சாகடிச்சு, என்னை மூளி ஆக்கி, அந்தப் பொய்யைக் காட்டி ஆடு விக்கினம்! அந்த ஆடு என்ரையுமில்லை. பொய் சொல்லி வந்த விலை எனக்கு வேண்டாம். ஐம்பதாயிரமில்லை, ஐஞ்சு லட்சம் தந்தாலும் வேண்டாம்!”

“அன்ரி, பிளீஸ், அது ஒரு சின்ன எடிட்டிங்…” என்று கிளின்ரன் கையை நீட்டினான்.

“அள்ளிக் குடுப்பன் ஒண்டு! நிண்டுகொள்ளும் அங்காலை!”

போனை நிறுத்தி அவன் சட்டைப் பைக்குள் திணித்தாள். நின்ற இடத்திலிருந்தே, வாங்கில் ஏறாமல், மூச்சு விடாமல், “மூவாயிரம் ஒருதரம் ரெண்டுதரம் மூண்டுதரம்! றஞ்சனி, நீர் கேட்டனீர்தானே? எங்கை போறீர்? வந்து காசைக் குடுத்திட்டுக் கயித்தைப் பிடியும். ஆடு வெய்யிலிலை நிக்குது!” என்றாள்.

றஞ்சனி திரும்பி வந்தாள். கைப்பையைத் திறந்து காசைக் கொடுத்தாள். சிவகுமரன் கயிற்றை நீட்டினார். எல்லோரும் எமிலியைப் பார்த்துக்கொண்டிருந்தபடியால், ஆட்டோடு போனவளை ஒருவரும் பார்க்கவில்லை.

எமிலி உரத்துச் சொன்ன காரணம் நியாயமானதுதான். அவளுடைய காரணம் அதுவல்ல. கோபம் மட்டும் கலப்படமில்லாதது.

பிறகு நடக்க வேண்டியது எல்லாம் நடந்தது. ஜெகதீஸ் மனம் உடைந்து பூசணிக்காய்க் காசையும் அனுப்பவில்லை. அவரைப் பிழை சொல்லவும் முடியாது. கிளின்ரனின் நிறுவனம், “உள்ளூர்த் தலைமைத்துவத்தில் உணர்ச்சிக் கட்டுப்பாடு போதாது,” என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டது. பல சபைகளை மேற்பார்க்கும் சேகரத்திலிருந்து, காசு விஷயங்களுக்குப் பொறுப்பான உக்கிராணக்காரர் ஒருவர் விசாரிக்க வந்தார். சபையைக் கூட்டினார்கள்.

“அம்மா, ஒரு மாதமா அந்தத் தாள் உங்கடை வீட்டிலை கிடந்திருக்கு. அப்ப வராத கோபம், காசு வாற நேரம் பாத்து ஏன் வந்தது?” என்று அவர் கேட்டார். நல்ல கேள்வி.

“எனக்குக் கோபம் ஆறுதலாத்தான் வரும்,” என்றாள் எமிலி.

அவளுக்கு முன்னாலும் பின்னாலும் இருந்தவர்களுக்கு மறுமொழி தெரியும். சாரத்தை இறுக்கியவர்கள், கொப்பை அண்ணாந்து பார்த்தவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். எமிலி திரும்பி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. றஞ்சனி பின்வாங்கில் இருந்தாள். அவளை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது? றஞ்சனிக்காக அடங்கிய அதே வளவு இப்போது எமிலியைக் கைவிட்டு அடங்கியிருந்தது. அவர்கள் செய்வது சரி என்பது அவளுக்குத் தெரியும். சரி என்பதால்தான் அவர்கள்மேல் அவளுக்கு இரட்டிப்புக் கோபம் வந்தது. அந்தக் கோபம் இன்றைக்கும் போகவில்லை. ஆராதனையில் ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லிக் கைகொடுக்கும் நேரம் பாதிப்பேருக்கு அவள் கை கொடுப்பதில்லை.

அடுத்த வருடம் ஏலம் கூற வேறு ஆளை வைப்பது என்று தீர்மானித்தார்கள். போதகர் ஜெபம் பண்ணி முடித்தார்.

வீட்டில் ஜோர்ஜ் தேத்தண்ணிக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு அவளுக்கு எதிரில் கதிரையை இழுத்துப் போட்டார்.

“நான் செத்ததுக்கு உமக்குக் கோபமே வரேல்லை. எனக்குத் தெரியும்.”

“தெரிஞ்சால் பேசாமல் இருங்கோ.”

“நான் ஆருக்குச் சொன்னனான்?” என்று ஜோர்ஜ் தேத்தண்ணியைக் குடித்தார்.

மாரி வந்தது. கூரை அதே இடத்தில் ஒழுகியது. எமிலி வாங்கு மாறவில்லை; குடையோடு போய், அதை விரித்து, ஞானப்பாட்டை எல்லோரையும்விட உரத்துப் பாடினாள். அவளைப் பற்றி இப்போது இரண்டு குறிப்புகள் உண்டு. ஒன்று அவளைச் சாந்தமான விதவை என்கிறது. மற்றது உணர்ச்சிக் கட்டுப்பாடு இல்லாதவள் என்கிறது. அவள் செய்தது: ஏலத்துக்கு வந்த சினையாட்டை, அதற்கு விலை கேட்ட றஞ்சனிக்கு, மூவாயிரம் ரூபாய்க்கு விற்றாள்.